நான் கண்டுபிடித்த நீர்மூழ்கிக் கப்பல்

வளைகுடாவில் வேலை பார்த்த நம் ஆட்களில் யாருடைய ஆல்பத்தைப் புரட்டினாலும் ஒரு படம் கட்டாயம் இருக்கும். யாரோ ஒரு அரபியின் காரில், அவர் வந்துவிடுவதற்குள், கூலிங் கிளாஸ் போட்டுச் சாய்ந்து நின்று எடுத்த படம். "இது என் கார்" என்று நாங்கள் யாரும் ஊருக்கு எழுதியதில்லை. இல்லையென்றும் எழுதியதில்லை.

என் சங்கடம், நான் இருந்த இடத்தில் சாய்வதற்குக் காரே கிடையாது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. அபுதாபியிலிருந்து படகில் வெகுதூரம் தள்ளியிருந்த ஒரு குட்டித் தீவில் படகுத்துறை கட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் கேம்பைத் தவிர அங்கே மனித வாடையே இல்லை. ஊரில் செல்வியை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். சர்வேயருக்கு உதவியாளனான நான், "இன்ஜினியர் மாதிரி" என்று சொல்லிவைத்திருந்தேன் ('மாதிரி'யைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்). அவளுக்கு அனுப்ப ஒரு கெத்தான படம் அவசரமாகத் தேவைப்பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை, கடல் உள்வாங்கியிருந்தபோது, கரையோரம் பெரிய இரும்பு உருளை ஒன்று தலைகாட்டியது. இரண்டு முனையும் உருண்டு, உடம்பெல்லாம் ரிவெட் ஆணி, சிப்பி அப்பிக்கொண்டு, மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு வட்ட மூடி. எப்போதோ ஒரு வார இதழில் ஆதிகால நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றி அரைப் பக்கம் படித்திருந்தேன். அதிலும் பாதிதான் ஞாபகம் இருந்தது. எனக்கு அது போதாதா?

"பாய், இது சப்மரைன்! ஆதி காலத்துச் சாமான்!" என்று குதித்தேன். காதர் பாய் என் ரூம்மேட், கீழக்கரைக்காரர், கேம்பில் டிஜிட்டல் கேமரா வைத்திருந்த ஒரே மனிதர்.

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி. வழுக்கும், பாத்து நில்லு. வயித்த உள்ள இழு" என்று கிளிக்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். போனில் செல்வியிடம் பீற்றிக்கொண்டேன். "நெசமாவா? பேப்பர்ல போடுவாகளா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் எனக்குக் கிறுக்குப் பிடித்து, மறுநாள் காலை நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றேன்.

மேனேஜர் எகிப்துக்காரர். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. உள்ளே குண்டு இருக்குமா என்றார். "இருந்தாலும் இருக்கும் சார்" என்றேன் பெருமையாக (அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்). கரையோர வேலை உடனே நின்றது. பழைய கப்பல்களை அடையாளம் காணும் நிபுணரை வரவழைக்க ஏற்பாடானது. வியாழக்கிழமைப் படகில் நான் லீவில் போகவேண்டும், ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம் என்று நினைவுபடுத்தினேன்.

"மாஃபி லீவ்! தும் தேகா, தும் இதர். சப்மரைன் கலாஸ், தென் லீவ்!" என்று என் பாஸ்போர்ட் இருந்த டிராயரைப் பூட்டினார். அதாவது, பார்த்தவன் நான், எனவே இது முடிகிறவரை நான் தீவை விட்டு நகரக்கூடாது.

நிபுணர் "ஆமாம், கப்பல்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போலீஸ், கடற்படை, விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். அங்கே பந்தக்கால் நட்டாகிவிட்டது. என் வருங்கால மாமனாருக்கு ஒரு பஸ் கண்டக்டர் வரன்மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கண் உண்டு. ராத்திரி முழுக்கக் காதர் பாயிடம் புலம்பினேன்.

"நான் துவா கேக்குறேன். நீயும் ஒஞ்சாமியக் கும்புடு" என்றார் காதர் பாய்.

"என்னன்னு கும்புடுறது பாய்?"

"அது சப்மரைனா இருந்துறக் கூடாதுன்னுதான்!"

வியாழக்கிழமைப் படகிலேயே நிபுணர் வந்து இறங்கினார். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. காலில் நீச்சல் துடுப்பு மாட்டிக்கொண்டு சட்டென்று நீரில் இறங்கிவிட்டார். நான் பேண்டோடு பின்னாலேயே இறங்கினேன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"ரிவெட் அடித்திருக்கிறார்களே, பழசுதான்" என்றார் ஆர்வமாக.

"ரிவெட் எல்லாத்துலயும் இருக்கும் மேடம்."

"மேலே மூடி இருக்கிறதே?"

"மூடி சாம்பார் அண்டாவுக்குக்கூட உண்டு மேடம்!"

அவர் நீச்சல் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "சப்மரைன் என்று சொன்னதே நீங்கள்தானாமே?"

"அறியாமல் சொல்லிவிட்டேன் மேடம்."

அவர் முங்கினார். அடிப்பக்கத்தில் கத்தியால் சிப்பியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. எழுந்தபோது சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தார். கைக்கு ஒரு குழாய் தட்டுப்பட்டது. திருகுகிற கைப்பிடியோடு, அசல் பித்தளைக் குழாய். ஏதோ பழைய கேம்புக்குக் குடிதண்ணீர் கொடுத்த டாங்க் அது!

உலகத்தில் எந்தக் குழாயையும் யாரும் அப்படி ஆசையாகத் தடவியிருக்க மாட்டார்கள். அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் அரபியில் திட்டித் தீர்த்தார். எனக்கு நாதஸ்வரம் கேட்டது. "யல்லா! யல்லா!" என்று அவர் வீசிய பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, ஈரப் பேண்டோடு படகில் தாவினேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கப்பல் என்னாச்சு என்று கேட்ட மாமனாரிடம், "மிலிட்டரி ரகசியம் மாமா" என்று சமாளித்தேன். அடுத்த லீவில் விருந்துக்கு வந்த காதர் பாய், கறிச் சோற்றுக்கும் ரசத்துக்கும் நடுவில் எல்லாவற்றையும் உடைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் எதையாவது அடித்துச் சொன்னால், "குழா இருக்கான்னு பாத்தீகளா?" என்பாள் செல்வி. பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள்.

போன வருடம் எனக்கு நெஞ்சு வலித்தது. ஹார்ட் அட்டாக்கேதான் என்று அடித்துச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அவள் அதைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என் கையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஈசிஜியைப் பார்த்த டாக்டர், "வெறும் கேஸ் டிரபிள்தான், கூட்டிட்டுப் போங்க" என்றார்.

செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"குழாதான் டாக்டர்" என்றாள். "எனக்கு அப்பவே தெரியும்."