மஞ்சள் தண்ணீரில் குளித்த இசைத்தட்டுகள்

எனக்கு எண்பத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனாலும் அல்சூரில் எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் பாட்டுப் பெட்டி போட்ட முதல் பெண் நான்தான். (இப்போது அந்த வேலைக்கு டிஜே என்று பெயராம். அப்போது பெயர் கிடையாது, வேலை மட்டும் இருந்தது.)

யுத்த காலம். என் வீட்டுக்காரர் பட்டாளம் இருந்த தண்டுப் பக்கம் ஒரு கிராமபோன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். அவர் தங்கை ராஜத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையின் அப்பா பேண்டு வாத்தியம் கேட்டார். பேண்டுக்காரர்கள் எல்லாம் சோல்ஜர்களுக்கு வாசிக்கப் போய்விட்டார்கள்.

"பேண்டு நக்கோ, வேணாம் சம்பந்தி. பாட்டுப் பெட்டி வெச்சிடறோம்" என்றார் என் மாமனார்.

"வைங்க. ஆனா பாட்டு சரியா இல்லன்னா என் பையன் பந்தலுக்குள்ள கால் வெக்க மாட்டான்."

பெட்டி ஒரு பாட்டுக்கு மேல் தானாகப் பாடாது. சாவி கொடுக்கணும், ஊசி மாற்றணும், தட்டைத் திருப்பணும். வீட்டில் அது தெரிந்தவர்கள் நானும் அவரும்தான். அவருக்குப் பந்தி வேலை. அதனால் பெட்டி என் பொறுப்பு. "வேற யாரும் கிட்ட வரக்கூடாது" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். (மைசூர் திவானே வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.)

கல்யாணத்தன்று காலையில் கடையிலிருந்து இசைத்தட்டுகள் வாடகைக்கு வந்தன. ஊரெல்லாம் சுற்றியவை. எந்தச் சாவு வீட்டில் பாடினவையோ! வெளிச் சாமான் எதுவும் கழுவாமல் மணவறைப் பக்கம் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்டாவைக் கழுவினேன், குண்டானைக் கழுவினேன், தட்டுகளையும் மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். புழக்கடையில் அப்பளம் காய்ந்த பாயில் அவற்றையும் வரிசையாகப் பரப்பினேன். சித்திரை மாத வெயில்.

மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்ததும் தட்டுகளை எடுக்கப் போனேன். பக்கத்து அப்பளங்கள் தட்டையாக இருந்தன. இவைதான் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. இருந்தாலும் ஒன்றை வைத்து ஊசியை இறக்கினேன். அது படகு போல ஏறி இறங்கியது. நாதஸ்வரம் நடுநடுவே அழுதது.

"இன்னா சம்பந்தி, ஆட்டைக் கட்டி வெச்சிருக்கீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பந்தல் வாசலிலேயே மகன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "என்னடி பண்ணே?"

"கழுவினேன்."

"வெயில்ல வெச்சியா?"

"ஈரத்தோட எப்படிங்க பெட்டில வெக்கிறது?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்குப் பின்னால் மாலையோடு நின்ற ராஜம், "அண்ணி, ஏதாவது பண்ணுங்க" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டதும் பெட்டியைத் துழாவினேன்.

முந்தின நாள் பெட்டியைச் சோதித்த தட்டு ஒன்று மூடிக்குள் இருந்தது. அதற்குக் குளியல் தப்பியிருந்தது. எடுத்து வைத்தேன். தாலாட்டு.

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா திரும்பி நடக்கப் பார்த்தார். அவர் மனைவி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

"எங்க போறீங்க? வாசப்படி ஏறும்போதே தாலாட்டு காதுல விழுது. அடுத்த வருஷம் தொட்டில் கட்டணும்னு அர்த்தம். உள்ள வாங்க."

மாப்பிள்ளையின் அப்பா மகனோடு பந்தலுக்குள் வந்தார். மாலை மாற்றத் தாலாட்டு, தாலி கட்டத் தாலாட்டு, பந்திக்கும் தாலாட்டு. தட்டின் அடுத்த பக்கத்திலும் தாலாட்டுதான். ரசம் ஊற்றும்போது மாப்பிள்ளையின் அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார்.

வளைந்த தட்டுகளோடு என் வீட்டுக்காரர் கடைக்குப் போன கதையைச் சொல்ல மாட்டேன். ஒன்றில் மட்டும் என் மாமியார் வெகுகாலம் மிளகாய் காய வைத்தாள்.

ராஜத்துக்கு மறு வருஷம் பிறந்தது இரட்டைக் குழந்தைகள். இன்றைக்கும் அவள் வீட்டில் யாராவது விசேஷத்தில் கண் அசந்தால், "அல்சூர் அண்ணி பாட்டு போட்டுட்டாங்களா?" என்று கேட்கிறார்கள். என் பேத்தி அனிதா இப்போது எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் கல்யாணங்களுக்குப் பாட்டு போடுகிறாள். ஊசியும் இல்லை, தட்டும் இல்லை. அவள் கிளம்பும்போது அவள் அப்பன், "கழுவிட்டியாம்மா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

போதும் அனிதா. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை முதலிலிருந்து படித்துக் காட்டு. நடுவில் நிறுத்தி நீ சிரிக்கக் கூடாது.