புளி போட்டுத் துலக்கின துப்பாக்கி

இத எங்கயாவது தப்பா சொல்லிடுவேனோன்னு பயமாவே இருக்கு. எட்டாவதோட நின்னவ நான். இதுல விஷயம் வேற துப்பாக்கி விஷயம். முன்ன பின்ன ஆனா பொறுத்துக்கோங்க.

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு பொருள பஜார்ல காதர் பாய் கடையில காட்டி, எந்தக் காலத்துதுன்னு கேட்டுக்கினு வரணும்.

என் தம்பி குமாருக்கு கும்மிடிப்பூண்டியில இரும்பு உருக்குற கம்பெனில வேலை. வெளிநாட்டுப் பழைய இரும்பு கன்டெய்னர்ல வரும். அதுல பித்தளைப் பூண் போட்ட கைத்துப்பாக்கி ஒண்ணு கிடந்திருக்கு. சூப்பர்வைசரு, “ஷோவுக்கு வெச்ச பொம்மைய்யா, எடுத்துக்கோ”ன்னுட்டாரு. அவன் கொண்டாந்து எங்க ஊட்டு டிவி மேல வெச்சிட்டான்.

பக்கத்து ஊட்டு கலா பாத்துட்டா. “யக்கா, இது நெஜத் துப்பாக்கி மாரி கீதே! லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா குமார உள்ள தள்ளிருவாங்க!”

குமாருக்கு ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளையே உள்ள போயிட்டா?

காதர் பாய் பழவேற்காட்டுக்காரரு. பழைய பித்தளை, மரச் சாமான் வியாபாரம். போன்ல கேட்டேன். “பயப்படாத தங்கச்சி, மேல எழுத்து, முத்திரை எதுனா இருக்கும். எடுத்துக்கினு வா. ரொம்பப் பழசுன்னா லைசென்ஸ் கேஸு பெருசா வராது, போலீஸ்ல நாமளே சொல்லி ஒப்படைச்சிடலாம்”னாரு.

எடுத்துப் பாத்தேன். ஒரே களிம்பு. நாலு பேரு பாக்குற பொருள இப்படியா கொண்டு போறது? வெள்ளிக்கிழமை வேற. குத்துவிளக்கோட சேத்து அதையும் போட்டு, புளி, செங்கல் பொடி வெச்சு ஒரு தேய் தேய்ச்சேன். பளபளன்னு ஆயிடுச்சு!

பையில வெச்சு, யாரு கண்ணுலயும் படாம மேல முருங்கைக்காய அடுக்கிக்கினு ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்துல இருந்த அம்மா, “கட்டு எவ்ளோக்கா?”ன்னு பையில கைய வுட்டுச்சு.

“விக்கிறதுக்கு இல்லம்மா!”ன்னு கத்திட்டேன்.

“முருங்கக்காய்க்கு இவ்ளோ கோவமா!”ன்னு மூஞ்சத் திருப்பிக்குச்சு.

கடையில பாய் கண்ணாடியப் போட்டுக்கினு பொருளத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

“எழுத்து எங்கம்மா?”

“அழுக்கா இருந்திச்சு பாய். துலக்கிட்டேன்.”

“இந்த மாரி சாமான்ல தங்கப் பூச்சுல எழுதியிருப்பான்மா! வருஷம் கூட இருந்திருக்கும். துருக்கி சுல்தானோட முத்திரைய புளியில கரைச்சிட்டியே!”

“அப்ப குமாரு?”

“இரு, இரு. கல்லு கவ்வுற இந்த வாயப் பாரு. கல்லு உரசித் தீப்பொறி பறந்தாதான் வெடிக்கும். பிடியில இந்தப் பூ வேலை. துருக்கி சுல்தானுங்க ஆண்ட காலத்து சாமான் இது. இருநூறு வருஷமாவது இருக்கும்.”

அப்பதான் எனக்கு மூச்சே வந்திச்சு. அது பாய்க்குப் பொறுக்கல. உள்ள எதுனா அடைச்சிருக்கான்னு பாக்க விளக்கமாத்துக் குச்சி ஒண்ண எடுத்து குழாய்க்குள்ள வுட்டாரு. வெளியில வெச்சு அளந்து பாத்தாரு. குச்சி அடி வரைக்கும் போகல. நாலு விரக்கடை முன்னாடியே நின்னுடுச்சு.

“தங்கச்சி, அசையாத. உள்ள வெடிமருந்து கெட்டிச்சது கெட்டிச்ச மாரியே கீது.”

யாரோ ஒரு சுல்தான் ஆளு கெட்டிச்சிட்டு, சுட மறந்துட்டுப் போயிட்டான்! நான் அத மடியில போட்டு, குழாய் வாய என் மூஞ்சிக்கு நேரா வெச்சு, உள்ள விரல வுட்டுத் தொடச்சவ!

கடை வாசல்ல பாயோட பக்கெட்டு நிறைய தண்ணி இருந்திச்சு. துப்பாக்கியப் புடுங்கி அதுல தொப்புன்னு போட்டுட்டேன்.

“யா அல்லா! மரம் ஊறிடுமே!”

“மரம் ஊறினா ஊறட்டும் பாய். மருந்து ஊறணும்ல?”

பாய் ஸ்டேஷனுக்கு போன் போட்டாரு. எஸ்.ஐ. வந்து பக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்தாரு.

“இன்னாம்மா, ஊற வெச்சு துவைக்கப் போறியா?”

எல்லாத்தையும் சொன்னேன். கடைசியில, “நீங்களே கூப்ட்டுச் சொல்லிட்டீங்க, இதுவும் அவ்ளோ பழசு. உன் தம்பி வந்து நடந்தத சொல்லிட்டுப் போவட்டும், போதும்”னாரு. நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன்.

ரெண்டு போலீஸ்காரங்க பக்கெட்டோட தூக்கிக்கினு போனாங்க, தண்ணி தளும்பாம.

பக்கெட்டு இன்னும் திரும்பி வரல. கேக்கப் போனா மறுபடி அந்தத் துப்பாக்கி பக்கத்துல நிக்கணும். பாய்க்குப் புதுசே ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன்.