கேட்டை விட்டு அகன்ற குற்றம்

இலத்தூர்,
ஆனி 24, செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஆவுடைநாயகம் அவர்களுக்கு, மைத்துனன் நல்லக்கண்ணு எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் வீட்டுக்காரி மாரித்தாயும் நலம். அங்கு தாங்களும் தங்கை சங்கரேஸ்வரியும் நலமாக இருக்க இலஞ்சிக் குமாரர் துணை நிற்கட்டும். நலம் என்பது வழக்கத்துக்காக எழுதியது. உண்மையில் நான் ஞாயிற்றுக்கிழமை முதல் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது, எழுதினால் வராது என்று மாரித்தாய்தான் பேனாவைக் கையில் கொடுத்தாள்.

முதலாளியிடம் சொல்லி நீங்கள் வாங்கித் தந்த வேலை இது. இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் எல்லையில் நின்ற எனக்குக் குற்றாலத்தில் ஒரு விடுதியின் கேட்டில் நிற்பதா கஷ்டம் என்றீர்கள். எல்லையில் ஒரு வசதி உண்டு மாப்பிள்ளை, இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். இங்கே விடுதியின் பின்பக்கம் புதிதாக மூன்று மாடி எழும்புகிறது. அதைச் சுற்றிப் பச்சை வலை. வலைக்கு உள்ளே காண்டிராக்டர், வெளியே முதலாளி, ஆனால் எல்லாம் ஒரே காம்பவுண்டு, ஒரே கேட், அந்தக் கேட்டில் நான். வலைக்குள் நடப்பதை யார் பார்ப்பது என்று சேர்ந்த அன்றே மேனேஜர் முத்துகுமரனிடம் கேட்டேன். கட்டட வேலை நடக்கும் இடத்தின் பாதுகாப்பு காண்டிராக்டர் பொறுப்பு என்றார். காண்டிராக்டரின் சூப்பர்வைசர் தேவாவிடம் கேட்டேன். விடுதி வளாகத்துக்குள் பாதுகாப்பு விடுதிக்காரர் பொறுப்பு என்றான். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்டேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் போன் வந்துவிட்டது.

போன சனிக்கிழமை நல்ல சாரல், நல்ல கூட்டம். கார் நிறுத்துமிடம் உழவு வயலாகிவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பியவர்கள், காலில் சேறு படுகிறது என்று மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் தோட்டக்காரர்களை அனுப்பி, வலைக்குள் கிடந்த பலகைகளை எடுத்துவந்து சேற்றின் மேல் போடச் சொன்னார். அதில் ஒன்று லிஃப்டுக்குத் தோண்டிய குழியை மூடியிருந்த பலகை. பலகைகள் போவதைப் பார்த்து நான் தேவாவுக்குப் போன் போட்டேன். அவன் தென்காசியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அவங்க எடம், அவங்க எடுக்காங்க. நீரு கேட்ட மட்டும் பாரும் அண்ணாச்சி" என்றான்.

பதினோரு மணி இருக்கும். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வரும் சித்தாள் பேராச்சி, தலையில் மணல் சட்டியோடு, தினமும் பலகை கிடக்கும் இடத்தில் அன்றும் கால் வைத்தாள். அந்த அலறல் கேட்டில் நின்ற எனக்குக் கேட்டது. நான் ஓடிப்போனபோது குழியைச் சுற்றி ஆறேழு பேர் நின்று, இறங்குவது யார் வேலை என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளி ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கினேன். இடுப்பளவு மழைத்தண்ணீர், அவள் கால் போகக்கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. அந்த நிலையிலும் அவள் என்னிடம் சொன்னது இதுதான்:

"கேட்ட விட்டுட்டு வந்துட்டீயளே அண்ணாச்சி, உங்கள ஏசப் போறாங்க."

தோளில் தூக்கி, ஆட்டோவில் ஏற்றி, அவளோடு வேலை செய்தவர்களைத் துணைக்கு அனுப்பிவிட்டு வந்தேன். தொடை எலும்பு முறிவு.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. மேனேஜரும் தேவாவும் ஆளுக்கொரு ஒப்பந்த நகலோடு உட்கார்ந்தார்கள். இரண்டிலும் பாதுகாப்பு என்றுதான் இருக்கிறது. எங்கள் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு என்றால் கம்பி, சிமெண்டு திருடு போகாமல் பார்ப்பது, ஆள் விழாமல் பார்ப்பது வேறு பாதுகாப்பு என்றான் தேவா. எங்கள் பாதுகாப்பு விருந்தாளிகளுக்கு, சித்தாளுக்கு அல்ல என்றார் மேனேஜர். டேப் எடுத்துப்போய், வலையிலிருந்து குழி எத்தனை அடி என்று சாரலில் நனைந்தபடி அளந்தார்கள். பலகையை எடுத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் இருவருக்கும் ஒத்துப்போகும் ஒரு குற்றவாளி கிடைத்தான், நான். அரை மணி நேரம் கேட்டை விட்டு அகன்றது, அந்நேரத்தில் அனுமதிச் சீட்டு இல்லாத ஒரு வேன் உள்ளே வந்து வேனிலிருந்தவர்கள் நீச்சல் குளத்தில் குளித்துவிட்டுப் போனது, ஹெல்மெட்டும் அனுமதியும் இல்லாமல் நான் குழிக்குள் இறங்கியது. ஒரு தாளில் சேர்ந்து கையெழுத்துப் போடாதவர்கள் என் மெமோவில் சேர்ந்து போட்டார்கள்.

"நான் போகலன்னா அந்தப் பிள்ள என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"அது காண்டிராக்டர் பொறுப்புல்லா அண்ணாச்சி" என்றார் மேனேஜர். தேவா ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது போதாதென்று நேற்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. பேராச்சி அன்று வேலைக்கே வரவில்லையாம், வழி தவறி உள்ளே வந்தவளாம், காண்டிராக்டரின் வருகைப் பதிவேட்டில் அவள் பெயரே இல்லையாம். என் கேட் நோட்டில் இருக்கிறது மாப்பிள்ளை: காலை 7.50, பேராச்சி, சித்தாள். நோட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இந்த வேலை எனக்கு வேண்டாம். நீங்கள் முதலாளியிடம் நேரில் சொல்லி, அந்த நோட்டை அவர் கண்ணால் பார்க்கும்படி செய்தால் போதும். அவர் பார்க்காவிட்டால் போலீசில் கொடுப்பேன். இதில் பின்வாங்கமாட்டேன்.

சங்கரேஸ்வரிக்கு அண்ணனின் ஆசி. மருமகள் சண்முகப்பிரியா நல்ல மார்க் எடுத்து, எந்தக் கேட்டுக்கும் காவல் நிற்காத உத்தியோகத்துக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
நல்லக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பேராச்சியின் புருஷன் மணிமுத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். வழி தவறித்தான் போனேன் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டாளாம். கொடுத்தால்தான் ஆபரேஷன் செலவைக் காண்டிராக்டர் பார்த்துக்கொள்வாராம், இல்லையென்றால் அவளை யாரென்றே தெரியாதாம். "நோட்டுல அந்தப் பக்கத்த மட்டும் இல்லாம ஆக்கிருங்க அண்ணாச்சி. அவ நடக்கணும்லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். கிழித்து இல்லாமல் ஆக்கிவிட்டேன். ஆகவே முதலாளியிடம் தாங்கள் எதுவும் பேசவேண்டாம். இனி, வழி தவறியவளை உள்ளே விட்டது யார் என்று கேட்பார்கள். மெமோவுக்கு விளக்கம் எழுதி வைத்துவிட்டேன்: கேட்டில் நின்ற நான்தான், கவனிக்காமல் விட்டுவிட்டேன்.