அலையாத்திக் காட்டில் வைத்த பூ

நாகல் நகர்,
திண்டுக்கல்.

மரியாதைக்குரிய மச்சான் ஆயக்குடி காத்தமுத்து அவர்களின் சமுகத்துக்கு, உங்கள் தங்கை சொர்ணலட்சுமியின் கணவனும், சுங்குடிச் சேலை வியாபாரியுமான இருளப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சொர்ணமும், தஞ்சாவூரில் மகன் மதன்குமாரும் நலம். அங்கு நீங்களும் மூக்காயி அக்காவும் மருமகன் ஸ்ரீராமும் தோட்டத்துக் கொய்யா மரங்களும் நலமாக இருக்கப் பழனி முருகன் அருள் புரியட்டும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். சில நாட்களாக உங்களுக்கு எப்போது போன் போட்டாலும், நீங்கள் வேறு ஒருவருடன் பேசிக்கொண்டிருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். இப்படி ராப்பகலாக யாருடன்தான் பேசுகிறார் நம் மச்சான் என்று நான் வியந்துகொண்டிருந்தபோது, "உங்க நம்பர பிளாக் பண்ணிட்டாருப்பா" என்று மதன் விளக்கினான். தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஸ்ரீராம் தன் போனில் உங்களுக்குக் காட்டிய அந்தப் போட்டோவைப் பற்றித்தான் விஷயம். ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, படகில் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் தலையில் மல்லிகைப்பூ வைப்பது உங்கள் தங்கைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தின் இடது மூலையில், படகுக்கு வெளியே, ஆகாயத்தைப் பார்த்து இரண்டு கால்கள் தெரிகின்றன அல்லவா? அவை என்னுடையவை. அவை ஏன் அங்கே போயின என்பது தெரிந்தால், தாய்மாமன் இல்லாமலே பெண்ணுக்குப் பூ வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள் என்று நீங்கள் எங்கள் மேல் வைத்திருக்கும் கோபம் பாதியாகக் குறையும். மீதிப் பாதியை நேரில் வந்து காட்டிக்கொள்ளலாம்.

மதனுக்கு நீங்களும் நானுமாகப் பெண் தேடி வருவது உலகம் அறிந்தது. வத்தலக்குண்டுப் பெண் உயரம் என்றீர்கள், வேடசந்தூரில் வாசல் தெற்குப் பார்த்திருக்கிறது என்றீர்கள், நத்தத்தில் மாமனார் அதிகம் சிரிக்கிறார் என்றீர்கள். எல்லாம் சரியான காரணங்களே, உங்கள் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. இதற்கிடையில், தஞ்சாவூர் வங்கியில் வேலை பார்க்கும் நம் பையன், ஞாயிறு தவறாமல் முத்துப்பேட்டைப் பக்கம் பறவை பார்க்கப் போகிறேன் என்று சொல்ல ஆரம்பித்தான். வீட்டு மொட்டை மாடியில் காக்கை வந்து வடகத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் நிமிர்ந்து பார்க்காதவன் அவன். சொர்ணம் துருவித் துருவிக் கேட்டதில், அந்தக் கடலோரத்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போய்ப் பறவைகளைப் பற்றி விளக்கிச் சொல்லும் பெண் ஒருத்தி இருக்கிறாள், பெயர் அறிவுச்செல்வி, சொந்த ஊர் ஒட்டன்சத்திரம், அப்பாவுக்குக் காய்கறி மண்டி என்று எல்லாம் வெளியே வந்தது.

பெண்ணுக்குத் தெரியாமல் முதலில் ஒரு தரம் பார்த்துவிட்டு வருவது நம் இரண்டு குடும்பத்துக்கும் உள்ள வழக்கம்தானே. சொர்ணத்தையே என் அம்மா அப்படித்தான், பழனி அடிவாரத்தில் வளையல் பேரம் பேசுகிற மாதிரி நின்று பார்த்துவிட்டுப் போனார். அதனால், தூரத்தில் இருந்து ஒரு பார்வை பார்ப்போம், பிடித்தால் மச்சானிடம் சொல்லி முறைப்படி போவோம் என்று முடிவு செய்து, மதனைத் தஞ்சாவூரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, யாரோ சுற்றுலா வந்தவர்கள் போலப் போன ஞாயிறு கிளம்பினோம். தூரத்தில் இருந்து பார்க்கும் திட்டம், படகின் நீளத்தைப் பார்த்ததும் கைவிடப்பட்டது.

அது சாதாரணப் படகுப் பயணம் இல்லை மச்சான், பசுமைப் பயணமாம். மோட்டார் கிடையாது, துடுப்புதான். புகை கூடாது, சத்தம் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. படகேறும் இடத்திலேயே பையைச் சோதித்தார்கள். உங்கள் தங்கை வெளியூர் கிளம்பினால் எப்படிக் கட்டுவாள் என்று உங்களுக்குத் தெரியும். முறுக்கு ஒரு கவரில், அந்தக் கவர் இன்னொரு கவரில், அது கசங்காமல் இருக்க மூன்றாவது கவரில். அறிவுச்செல்வி முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் முறுக்கைவிடக் கவர் அதிகம் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு தூக்குச்சட்டியும் துணிப்பையும் கொடுத்து, "திரும்பி வரும்போது வாங்கிக்குங்கம்மா" என்றாள். "மொத மார்க் போச்சு" என்று சொர்ணம் என் காதில் சொன்னாள். நம் வீட்டு ரகசியம் தெருமுனை வரை கேட்கும் என்பதால் அது அந்தப் பெண்ணுக்கும் கேட்டிருக்கும். அடுத்து லைஃப் ஜாக்கெட். நம் கடைச் சரக்கிலேயே நல்லதாகப் பார்த்து அரக்குச் சிவப்பில் கட்டி வந்திருந்த சேலைக்கு மேல் அதைப் போட மாட்டேன் என்று இவள் மறுக்க, "சேலை ரொம்ப நல்லாருக்குங்கம்மா, அது நனையாம இருக்கத்தான் போடச் சொல்றேன்" என்று அவள் சொல்ல, உடனே போட்டுக்கொண்டாள். போன மார்க் திரும்பி வந்தது.

படகில் நாங்கள் இருவர், அந்தப் பெண், துடுப்புப் போடும் சேக் பரீது பாய், திருச்சியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பிராங்கிளின் என்பவர், அவருடைய கேமரா. அந்தக் கேமராவுக்கும் ஒரு ஆள் இடம் தேவைப்பட்டது. இரண்டு பக்கமும் மரங்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கின்றன, நடுவில் சந்து போல வாய்க்கால். சேற்றில் ஆயிரக்கணக்கில் குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருப்பவை மரங்கள் மூச்சு விடும் வேர்களாம். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. கடையில் காலை முதல் ராத்திரி வரை "இந்தக் கலர்ல வேற காட்டுங்க" என்று கேட்டே பழகிய காதுக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வாய்க்கால் அகலமான இடத்தில் பூநாரைக் கூட்டம் நின்றது. பேசாதீர்கள் என்று அறிவுச்செல்வி சைகை காட்டினாள். பிராங்கிளின் மூச்சைக்கூட நிறுத்திவிட்டுக் குறி பார்த்தார். அப்போதுதான் என் சட்டைப் பையில் இருந்த போன், சின்னாளப்பட்டியில் இருந்து சாயக்காரர் கூப்பிட, உடுக்கையும் பம்பையுமாக மாரியம்மனை வரவழைத்துவிட்டது. பூநாரைகள் மொத்தமும் எழும்பின. அடடா மச்சான், நம் சாயத்தில் எத்தனை தடவை முக்கி எடுத்தாலும் வராத ரோஜா நிறம்! வானம் நிறைய அதுதான். பிராங்கிளின் என்னைப் பார்த்த பார்வை அந்த அளவுக்கு அழகாக இல்லை.

"இனிமே அந்தப் பக்கம் போனா அதுக இன்னும் மெரளும்ங்க" என்று அறிவுச்செல்வி சொல்லி, படகை ஒரு குறுகலான கிளை வாய்க்காலில் திருப்பச் சொன்னாள். அது தண்ணீர் வற்றும் நேரம். கொஞ்ச தூரம் போனதும் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. "தண்ணி ஏறட்டும், செத்த நேரம் இருப்போம்" என்றார் சேக் பரீது பாய். உங்கள் தங்கைக்கு வெயிலும் சேறும் சேர்ந்து தலை சுற்றியது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தெளிந்ததும் சொர்ணம் விசாரணையை ஆரம்பித்தாள். "சமைக்கத் தெரியுமா தாயி?" "மீன் கொழம்பு நல்லா வெப்பனுங்கம்மா. தொட்டுக்கிற வெஞ்சனம் சுமாராத்தான் வரும்." "வேலையை விட்டுருவியா?" "விட மாட்டனுங்கம்மா." யாருக்காக எதை விட வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியதும், சொர்ணம் மடியில் இருந்து பூப்பந்தை எடுத்தாள். கடல் தாய்க்குப் போட வேண்டும் என்று விடியற்காலையில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகை. இந்தப் பனிக்காலத்தில் மல்லிகை என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் கையை ஓங்கவும், அறிவுச்செல்வி பதறிப் போய்த் தடுத்தாள். "பூ கட்டுன நூல் பறவைக காலுல சுத்திக்கும்மா, அதுக நடக்க முடியாமச் செத்துப் போயிருது." "நாருலதான கட்டியிருக்கு!" அந்தப் பெண் ஒரு முழத்தை விரித்துக் காட்டினாள், நூல்தான். போட முடியாது. சொர்ணத்தின் தலையில் ஏற்கெனவே இடமில்லை. வெயிலில் பூ வாட ஆரம்பித்துவிட்டது. இவள் செத்த நேரம் பூவைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள், "திரும்பு தாயி" என்று சொல்லி அவள் தலையில் வைத்துவிட்டாள். பூ வீணாகக் கூடாது என்ற பதற்றத்தில், என்ன செய்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள் மச்சான். இது சத்தியம்.

அந்தப் பெண் தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அத்தை, எங்க ஊருப் பக்கம் மாப்பிள்ளையோட அம்மா இப்பிடிப் பூ வெச்சா, சம்மதம்னு அர்த்தமுங்க. தெரியாம வெச்சிருந்தீங்கன்னா சொல்லுங்க, எடுத்தர்றேன்" என்றாள். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவள் அத்தை என்கிறாள்! நாங்கள் யாரென்று படகேறியது முதலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, நான்தான் யாரோ சுற்றுலாக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொக்குகளைப் பற்றிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தேன். "எடுத்துராத! வச்ச பூவ எடுக்கக் கூடாது" என்று அலறினாள் சொர்ணம், பூ சரிந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் உங்கள் முகம் என் கண் முன்னால் வந்தது. "எங்க மச்சான் இல்லாமப் பூ வைக்கிறதாவது! இது செல்லாது!" என்று சொல்லி நான் எழுந்து நின்றேன். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பது அங்கே முதலிலேயே சொல்லப்பட்ட விதி. மற்றதை நீங்கள் போட்டோவில் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீர் இடுப்பளவு கூட இல்லை, சேறுதான் முழங்கால் வரை. "அசையாதீங்க பெரியவரே, அசைஞ்சா உள்ள இழுத்துரும்" என்று சேக் பரீது பாய் துடுப்பை நீட்டி என்னை இழுத்தார். வேட்டி மட்டும் கொஞ்சம் பின்னால் தங்கி, தனியாக வந்து சேர்ந்தது. பூநாரையைத் தவறவிட்ட பிராங்கிளின், இதில் ஒன்றையும் தவறவிடவில்லை. அவர்தான் படத்தைப் படகுக்காரர்களின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டவர். ஆக, மச்சான், தாய்மாமன் உரிமை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி அதற்காகச் சேற்றில் விழுந்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. நான் பாயின் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூக்குச்சட்டியில் இருந்த முறுக்கை எல்லோரும் கடித்தோம், அந்தச் சத்தத்துக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அந்தப் பெண் தலை நிறையப் பூவோடு, சேற்றில் தத்தித் தத்திப் போகும் ஒரு மீனைச் சொர்ணத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மறைத்துப் பேசி என்ன ஆகப் போகிறது, எனக்கு மனசு நிறைந்திருந்தது மச்சான். அடுத்த தெருவில் நடக்கும் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாலே காலைப் பிடித்துவிடச் சொல்பவன், அன்றைக்கு ஒரு வலியும் இல்லாமல் ஊர் வந்து சேர்ந்தேன்.

ஆனாலும் முறை என்பது முறைதான். நன்றாக யோசித்துப் பார்த்ததில், அது தண்ணீரில் வைத்த பூ, தரையில் வைத்தால்தான் கணக்கு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒட்டன்சத்திரத்தில் அவர்கள் வீட்டில், நீங்கள் முன்னால் நின்று, உங்கள் வாயால் சொன்ன பிறகு, மறுபடி முதலில் இருந்து பூ வைப்போம். அவர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். மதனின் காதுகுத்தில் அவனை உங்கள் மடியில் உட்கார வைக்க நேரமாகிவிட்டது என்று இரண்டு வருஷம் எங்கள் வாசல் மிதிக்காமல் இருந்தீர்கள். இப்போது அதைப் போலச் செய்துவிடாதீர்கள். நீங்கள் வராமல் இந்தக் கல்யாணத் தேதியைக் குறிக்கச் சொர்ணம் சம்மதிக்க மாட்டாள். உங்கள் சத்தத்தை எதிர்பார்த்துப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள். அவள் பிடிக்கும் பிடியில் போனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மூக்காயி அக்காவுக்கு என் அன்பு. ஸ்ரீராமுக்கு ஆசி, இனிமேல் கைக்குக் கிடைத்த போட்டோவையெல்லாம் அப்பாவிடம் காட்ட வேண்டாம் என்ற புத்திமதியும். உங்கள் தோட்டம் காய்த்துக் குலுங்கட்டும், உங்கள் கோபம் சீக்கிரம் உதிரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வருகைக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
ச. இருளப்பன்

பின்குறிப்பு: அண்ணே, நான் சொர்ணம். கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி எங்கையில குடுத்துட்டு அவரு கடைக்குப் போயிட்டாரு. படிச்சுப் பாத்தேன். அம்புட்டும் நிஜந்தான், அந்தப் பூ விஷயம் தவிர. நான் மறந்துபோய் வைக்கலண்ணே. நல்லாத் தெரிஞ்சு, நெனச்சுத்தான் வச்சேன். வேலையை விட மாட்டேன்னு எம்முகத்துக்கு நேரா, எங்கையைப் பிடிச்சுக்கிட்டே சொன்னா பாரு, அப்பவே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சுப் போச்சு. உன்னையக் கூட்டிட்டு வந்து காட்டியிருந்தா, படகு கோணலா நிக்குதுன்னு சொல்லி அதையும் தட்டிவிட்டிருப்ப. மதனுக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. நீ கோவிச்சா எப்பிடியும் சமாதானம் பண்ணிருவேன், அந்தப் பிள்ளை கைவிட்டுப் போனா நான் எங்க போய்த் தேடுவேன்? திட்டணும்னா என்னைய மட்டும் திட்டு, ஆனா வந்து திட்டு. நீ நிக்காம எம்மகனுக்குக் கல்யாணம் எப்பிடிண்ணே நடக்கும்? இன்னொண்ணு, நான் ஏதோ மறதியில வச்சிட்டேன்னுதான் அவரு இன்னமும் எனக்காக ஊரெல்லாம் பரிஞ்சு பேசிக்கிட்டுத் திரியிறாரு. பாவம், அவருட்ட மட்டும் சொல்லிராத.