சிவப்புக் காருக்குத் துணிக் கூரை

பின்பக்கம் நான்கு விரல் இடைவெளி இருந்தது.

செல்லசாமி துணியைப் பின்னால் இழுத்தார். இடைவெளி முன்பக்கம் போனது. முன்னால் இழுத்தார். திரும்பவும் பின்பக்கம் வந்தது.

"நேத்து சரியா இருந்துச்சு," என்றார்.

"நேத்து மழ இல்ல," என்றாள் சண்முகவடிவு. தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஹட்டன் கடைத்தெருவின் கீழ்க்கோடியில் இருந்தது அவர்களுடைய குஷன் கடை. கணவனும் மனைவியும் இருபத்திரண்டு வருடமாக ஆட்டோக்களுக்கு ஹூட் தைத்துவந்தார்கள். இப்போது வாசலில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. இரண்டு இருக்கை. அதன் இரும்புக் கூரை நான்கு போல்ட்டில் கழன்று, கடைக்குப் பின்னால் மல்லாந்து கிடந்தது.

கார் துணிக்கடை சிவகரன் முதலாளியுடையது. ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவில் கார்க்காரர்களின் ஊர்வலம். கூரை இல்லாமல் போக வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. மழை வந்தால் மாட்டிக்கொள்ள ஒரு துணிக் கூரை வேண்டும். அவர் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை டிரைவர் பெரியதம்பிதான் காரைக் கொண்டுவந்தார்.

"ரத்னாம்மா ஒங்ககிட்டயே குடுக்கச் சொன்னாங்க," என்றார். ரத்னாம்மா முதலாளியின் மனைவி.

மேலே, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நஸாரின் கடை. 'நஸார் நானா' என்று ஊரே அவரை அண்ணன் முறையில் அழைக்கும். ஹட்டனில் கார் வேலை எதுவானாலும் நஸாரிடம்தான் போகும். ஒரு கார் நஸாரைத் தாண்டிச் செல்லசாமியிடம் வந்தது அன்றுதான் முதல்முறை. நஸார் அதைப் பார்த்துவிட்டார் என்று உறுதியாகும்வரை செல்லசாமி தெருவிலேயே நின்றார்.

வியாழக்கிழமை நஸாரே இறங்கி வந்தார். குடையை மடக்காமல் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"கென்வஸா அண்ணே?"

"கென்வஸ்தான்."

"வெட்டுறதுக்கு முன்னுக்கு நனைச்சுக் காயப் போட்டீங்கதானே?"

"பின்ன?"

"இல்ல, சுருங்கிரும். அதான் கேட்டேன்." குனிந்து நான்கு விரல் இடைவெளியைப் பார்த்தார். "ஏதாச்சும் ஒதவி வேணும்னா சொல்லி அனுப்புங்க."

"இதுக்கா? ஒதவியா?"

நஸார் போனார்.

"நனைச்சீங்களா?" என்றாள் சண்முகவடிவு.

"ஆட்டோ ஹூட்டு ரெக்சினு. ரெக்சின எவன் நனைக்கிறான்?"

"இது ரெக்சின் இல்லையே."

"பேசாம தைய்யி, வடிவு."

"தைக்கத் துணி குடுங்க."

கென்வஸ் தீர்ந்துவிட்டது. கடையில் மிச்சம் இருந்தது பச்சை ரெக்சின் மட்டும். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குக்காக வாங்கிப் போட்டது. அதில் ஒரு சாண் வெட்டிச் சேர்த்தார். இடைவெளி மூடியது.

மழை வந்தது. புதிய துண்டு தொய்ந்தது. கூரை நடுவில் ஒரு குளம் தேங்கியது. செல்லசாமி காருக்குள் உட்கார்ந்து விளக்குமாற்றுக் கட்டையால் மேலே குத்தினார். குளம் ஒரு தையல் வழியாக அவர் மடிக்கு வந்தது.

"முதலாளி நீந்தத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

ஆட்டோவுக்கு வைக்கும் வளைவுக் கம்பிகள் இரண்டை எடுத்தார். காரில் நான்கு துளை போட்டார். இரும்புக் கூரையின் போல்ட்டுகளையே அறுத்துக் கம்பிகளுக்குப் பூட்டினார். துணி விறைப்பாக நின்றது. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. ஆனால் கூரை ஒரு முழம் உயர்ந்துவிட்டது. பக்கங்களில் காற்றும் சாரலும் தாராளமாக நுழைந்தன.

பக்கங்களுக்குத் திரை தைத்தார்கள். பிரஸ் பட்டன் வைத்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் ஜன்னல்.

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் தெருவுக்கு இறங்கி நின்று பார்த்தார்கள்.

"முன்னால மஞ்சக் குஞ்சம் ஏன் வச்ச?" என்றார்.

"கை பழக்கம். நீங்க ஏன் பின்னால மட்-ஃபிளாப் தொங்க விட்டீங்க?"

அவர் பின்னால் போய்ப் பார்த்தார். தொங்கியது.

சனிக்கிழமை காலை காரை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டார். ஆட்டோ ஸ்டாண்டைக் கடக்கும்போது ஒரு பெண் கையை நீட்டி மறித்தாள். கதவைத் திறந்து கோதுமை மா மூட்டையை உள்ளே போட்டாள். பிறகு தானும் ஏறினாள்.

"நோர்வூட்டுக்கு விடு தம்பி."

"இது ஆட்டோ இல்லம்மா. காரு."

"ராக்காயிகிட்டயே கத விடுறியா? நான் பொறந்ததுலருந்து இந்த ரோட்டுல போறவ." கூரையைத் தடவினாள். "படங்குத் துணி. நல்லது, ஒழுகாது. ஒக்கார்ற எடந்தான் கெணத்துல எறங்குன மாதிரி இருக்கு."

அவள் இறங்கவில்லை. பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. செல்லசாமி நோர்வூட் வரை போய் அவளையும் மூட்டையையும் இறக்கிவிட்டுத் திரும்பினார்.

ஸ்டாண்டில் சதீஸ்குமார் கை காட்டி நிறுத்தினான். ஆட்டோ சங்கத் தலைவர் அவன்தான்.

"அண்ணே, எங்க ஹூட்டெல்லாம் தச்சவரு நீங்க. மரியாத இருக்கு. அதுக்காக லைன்ல நிக்காம ஆள் ஏத்தலாமா?"

"டேய், இது முதலாளியோட ஸ்போர்ட்ஸ் காருடா."

சதீஸ்குமார் காரைச் சுற்றி வந்தான். குஞ்சத்தைத் தொட்டான். "சரி," என்றான். "ஆனா லைன் லைன்தான்."

செல்லசாமி கடைக்கு வந்து சாவியை மேசையில் வைத்தார்.

"பழைய கூரையவே மாட்டிருவோம். துணி வேல சரிவரலன்னு உண்மையச் சொல்லிருவோம்."

"போல்ட்ட அறுத்துட்டீங்களே?"

"கம்பி வச்சுக் கட்டியாச்சும் மாட்டுவோம்."

கடைக்குப் பின்னால் போனார்கள். மல்லாந்து கிடந்த இரும்புக் கூரை நிறையத் தண்ணீர். பக்கத்து மரக்கறிக் கடை மீனம்மா அதில் கெரட் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்ல தொட்டி அண்ணே," என்றாள். "எங்க வாங்குனீங்க? தண்ணி எறங்கத்தான் வழியில்லாம இருந்துச்சு. நடுவுல ஒரு ஓட்ட போட்டுத் துணி அடச்சு வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முதலாளி வேனில் வந்து இறங்கினார். தலையில் புதுத் தொப்பி. கழுத்தில் மஃப்ளர். கையில் தோல் கையுறை. காரைப் பார்த்தார். ஒரு சுற்று நடந்தார். ஒரு பிரஸ் பட்டனைக் கழற்றினார். திரும்பப் பூட்டினார்.

"இதுக்கு எத்தன சில்லு?"

"நாலுதான் முதலாளி."

"நல்லா எண்ணிப் பாத்தீங்களா?"

செல்லசாமி குனிந்து சக்கரங்களை எண்ணினார். கீழே போன ஓர் ஆட்டோக்காரன் சிவப்புக் காரைப் பார்த்துச் சிநேகமாக ஹோர்ன் அடித்தான். முதலாளி தொப்பியைக் கழற்றினார். கையுறைகளைக் கழற்றித் தொப்பிக்குள் போட்டார்.

"பெரியதம்பி, வேன எடுங்க," என்றார். "வீட்டுக்குப் போவோம்."

வேன் போன பிறகும் செல்லசாமி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இந்தப் பேச்சு காரோடு நிற்காது. இனி ஆட்டோவும் வராது. நஸார் சிரிக்கக்கூட மாட்டார். பாவம் என்பார். அதுதான் தாங்காது. சண்முகவடிவு தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை பெரியதம்பி வந்தார். கையில் துணிக்கடைப் பை.

செல்லசாமி எழுந்தார். "எல்லாத்தையும் பிரிச்சுச் சரி பண்ணிர்றேன் அண்ணே. ஒரு வாரம் குடுங்க."

"ஐயோ வேணாம். ஒரு நூலக்கூடப் பிரிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிவுட்டாங்க."

பையைத் திறந்தார். சண்முகவடிவுக்கு ஒரு சேலை. செல்லசாமிக்குச் சட்டையும் சாரமும். ஒரு பெட்டி லட்டு.

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் சண்முகவடிவு.

"முதலாளி கார விக்கச் சொல்லிட்டாரு. இனிமே எங்க போனாலும் என்கூட வேன்லதான். அம்மா நேத்தே கோயிலுக்குப் போயித் தேங்கா ஒடச்சுட்டாங்க." பெரியதம்பி ஒரு லட்டை எடுத்துக்கொண்டார். "கூர இருக்கையிலேயே வட்டவள வளைவுல ரெண்டு தடவ கார மதில்ல ஏத்துனவரு. அறுபத்திமூணு வயசு. தெறந்து விட்டா என்னா கதி?"

செல்லசாமி இதில் பாதியைத்தான் கேட்டார். சட்டையை எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து, நஸாரின் கடை இருக்கும் பக்கம் நிமிர்ந்து நின்றார்.

"பாத்தியா வடிவு?" என்றார். "நஸாரத் தாண்டி நம்மகிட்ட அனுப்புனாங்களே. ரத்னாம்மாவுக்கு நல்ல வேலக்காரன் யாருன்னு தெரிஞ்சிருக்கு."

"தெரியாம என்னா?" என்றார் பெரியதம்பி, லட்டை மென்றபடி. "நஸார் நானாகிட்ட குடுத்தா நல்லா செஞ்சிருவாருன்னு அம்மாவுக்கு ஒரே பயம்."