குழாய் ரிப்பேருக்கு வந்தவர்

"குழாய் ரிப்பேருக்கு வந்திருக்கேங்க," என்றார் வந்தவர், வாசற்படியைத் தாண்டாமல் நின்றபடியே.

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். 'அடேங்கப்பா, என்ன நடிப்பு! பையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்திருக்காரே!' என்று மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டுவிட்டு, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, "உள்ள வாங்க, உட்காருங்க," என்றாள்.

ரேடியோ என்பது அவளுடைய பெயர் இல்லை. அந்தக் குடிநோய் சிகிச்சை மையத்தில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்தது. காலையில் கேட்டுக்குள் நுழையும்போது வாயைத் திறந்தால் சாயங்காலம் வெளியே போகும்வரை மூடமாட்டாள். இன்று காலையும் அப்படித்தான், கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம், "அண்ணே, இன்னைக்கு எனக்குப் பரீட்சை, கையெல்லாம் ஜில்லுனு இருக்கு, நல்லா வரும்னு சொல்லுங்க," என்று ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினாள். கேட் அண்ணன் எதிர்ப்பக்கம் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ம்," என்றார். அவர் அவ்வளவுதான். ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து பத்து வார்த்தை வந்தால் அதிகம்.

ஆறு வருஷமாக ரேடியோவுக்கு அந்த மையத்தில் டைப் அடிக்கிற வேலை. வந்து சேரும் நோயாளிகளின் ஃபைலெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். சேருகிற அன்று அவர்கள் போடும் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போகிற அன்று அதே மனிதர் அதே பெயரை நேர்க்கோட்டில், புள்ளி வைத்து, அழகாகப் போட்டுவிட்டுப் போவார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அவள் எந்த ஃபைலையும் மூடமாட்டாள். நடுவில் அந்த ஆளோடு உட்கார்ந்து பேசிய ஆலோசகர்களை அவள் தெய்வம் மாதிரி பார்த்தாள். நானும் அந்த நாற்காலியில் ஒரு நாள் உட்காரணும் என்று ஆசைப்பட்டு, வேலை பார்த்துக்கொண்டே படித்து, பட்டயம் வாங்கி, கடைசியில் வாயால் கெட்டாள்.

ஆலோசகர் ஆக ஒரு செய்முறைப் பரீட்சை உண்டு. பெரிய டாக்டரம்மா ஒரு நாடக நடிகரைக் குடிநோயாளியாக நடிக்க அனுப்புவார். பேசுவதை டேப்பில் பதிவு செய்து பிறகு கேட்பார். முதல் தடவை இருபத்திரண்டு நிமிஷப் பதிவில் நடிகர் பேசியது மொத்தமே இரண்டு வார்த்தை: "ஆமாங்க" ஒன்று, "வரட்டுமா" இன்னொன்று. மீதியெல்லாம் ரேடியோவின் புத்திமதி. இரண்டாம் தடவை வந்த நடிகர், "போதும்மா, நான் நிஜத்துலயும் இனிமே தொடமாட்டேன், ஆளை விடு," என்று கும்பிட்டுவிட்டு ஓடினார்.

இது மூன்றாவது தடவை. இதிலும் தவறினால் மறுபடியும் டைப் மெஷின்தான், ஓய்வு பெறும்வரை.

"இந்தத் தடவை ஆள் எந்த வேஷத்துல வேணாலும் வருவார்," என்று டாக்டரம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "கடைசி வரைக்கும் எதையும் ஒத்துக்க மாட்டார். நிஜத்துலயும் அப்படித்தான். எதுக்கு வந்தோம்னு முதல்ல யாரும் சொல்லமாட்டாங்க. சொல்ல வெக்கமா இருக்கும். நீ அவசரப்படாதே. புத்தி சொல்லாதே. அவங்க சொன்னதையே வாங்கித் திருப்பிச் சொல்லு. நாம கேக்குறோம்னு தெரிஞ்சா அவங்களே பேசுவாங்க."

இந்த டாக்டரம்மா முப்பது வருஷமாக இதைத்தான் செய்கிறார். வார்டில் அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அழகை ரேடியோ கதவிடுக்கு வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அதனால் ஒரு மாதம் வீட்டில் சாதகம் பண்ணினாள்.

"உப்பு கம்மியா இருக்கு," என்பார் கணவர்.

"உப்பு கம்மின்னு உங்களுக்குத் தோணுது."

"தோணலை. கம்மியாத்தான் இருக்கு!"

"அதுல உங்களுக்கு வருத்தம்."

மாமியார் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, "அவளை ஒருதரம் நல்ல டாக்டர்கிட்ட காட்டுடா," என்றார்.

இத்தனை பாடுபட்டுத்தான் இன்று காலை பதினோரு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையின் கை கழுவும் தொட்டிக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய்க்காரரும் ஒரு மாதமாக 'நாளைக்கு வரேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருந்த படபடப்பில் அந்தச் சொட்டுச் சத்தம்கூட இன்று அவள் காதில் விழவில்லை. அந்தக் குழாய்க்காரராவது, பதினோரு மணிக்கு டாண் என்று வந்து நிற்பதாவது! டாக்டரம்மாதான் யோசித்து யோசித்து இந்த வேஷம் கட்டி அனுப்பியிருக்கிறார். ரேடியோ என்ன, இதுகூடத் தெரியாதவளா?

வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எந்தக் குழாய்ங்க?"

"குழாயைப் பார்க்கணும்னு வந்திருக்கீங்க."

"ஆமாங்க. அதான் சொன்னேன்."

"அதைத்தான் சொன்னீங்க."

அவர் திருதிருவென்று முழித்தார். "வேற யாராவது இருக்காங்களா, ஆபீஸ்ல?"

"வேற யார்கிட்டயாவது பேசினா தேவலைன்னு இருக்கு."

"ஐயோ, அப்படியில்லைங்க. உங்ககிட்டயே…" என்று ஆரம்பித்து, சட்டென்று எழுந்து, "நான் குழாயைப் பார்த்துடறேங்க," என்று தொட்டிப் பக்கம் போனார். "ஸ்பேனர் இருக்குங்களா?"

ஸ்பேனர் இல்லாத குழாய்க்காரர்! ரேடியோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாவம், நாடகக் கம்பெனியில் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே சாமான் வைக்க மறந்துவிட்டார்கள்.

"ஸ்பேனர் இல்லாம சிரமமா இருக்கு," என்றாள் கனிவாக.

அவர் வெறுங்கையால் எதையோ திருகினார். இன்னொன்றையும் திருகினார். குழாயின் தலை கழன்று கையோடு வந்தது. தண்ணீர் கூரை வரைக்கும் பீச்சியடித்தது.

வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். ரேடியோ தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, டேப்பை மட்டும் மேஜைக்கடியில் காப்பாற்றிவிட்டு, "எதிர்பார்க்காதது நடந்துடுச்சுன்னு பதறிப் போயிட்டீங்க," என்றாள்.

"தண்ணியை எங்கங்க மூடறது?"

"எங்க மூடறதுன்னு தெரியலை உங்களுக்கு."

"சத்தியமா தெரியலைங்க!"

சத்தம் கேட்டு நர்ஸ் அக்கா ஓடிவந்து, வெளியில் இருந்த வால்வை மூடிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். ரேடியோ கண்ணைக் காட்டினாள். பரீட்சை. நர்ஸ் அக்கா புரிந்துகொண்டு, ஈரத்தில் வழுக்கிவிடாமல் பின்வாங்கிப் போய்விட்டாள்.

அவர் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வேண்டாமென்று தலையசைத்ததும் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மறுபடியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

ரேடியோவின் நாக்கு துடித்தது. நாற்பது புத்திமதி வரிசையில் நின்றது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாழ்க்கையிலேயே அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது தூக்கத்தில் மட்டும்தான்.

"என் மச்சான் ஒருத்தர் இருக்கார்ங்க," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

'வந்துட்டார்யா வழிக்கு!' என்று குதித்தது மனசு. வாய் மட்டும், "மச்சான்," என்றது.

"நல்ல வேலைக்காரர்ங்க. இப்ப காலையில எழுந்ததும் குடிச்சாத்தான் கை நிக்குது. அவர் பொண்ணை ஸ்கூல்ல 'அப்பா என்ன பண்றார்'னு எழுதச் சொன்னாங்களாம். 'முன்னாடி வேலைக்குப் போவார்'னு எழுதியிருக்குங்க." அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அந்த நோட்டை நான் பார்த்தேங்க. அதாவது, மச்சான் பார்த்தார்."

ரேடியோவுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனுக்கு எந்தப் பரிசு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பாடத்தில் உள்ளபடி கேட்டாள்: "குடியை நிறுத்தறது உங்க மச்சானுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுவார்?"

"ஏழுங்க."

"ஏன் மூணு இல்லை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் ஏன் பத்து இல்லை என்றுதான் கேட்டிருப்பார்கள் போல. "மூணுன்னா நான் இங்க… அவர் இந்த அளவுக்கு யோசிச்சிருக்கவே மாட்டாருங்க," என்றார் மெதுவாக. பிறகு, "மச்சான் சேரணும்னா இன்னைக்கே சேர முடியுங்களா?"

பரீட்சையில் இதுவும் உண்டா? டாக்டரம்மா சொல்லவே இல்லையே! இருந்தாலும் விடுவாளா? படிவத்தை எடுத்தாள். "யார் பேர்ல எழுதணும்?" என்று மட்டும் கேட்டாள். அவர் படிவத்தைத் தானே வாங்கி நிரப்பி, கீழே கையெழுத்தும் போட்டார். கை ஈரமோ என்னவோ, ஒரே கிறுக்கல். ரேடியோ நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டாள். நர்ஸ் அக்காவும் பரீட்சைதானே என்று, ரத்த அழுத்தம் பார்த்து, நனைந்த சட்டைக்குப் பதில் வார்டுத் துணி கொடுத்து, மூன்றாம் கட்டிலில் உட்கார வைத்துவிட்டாள்.

ரேடியோ முந்தானையைப் பிழிந்துகொண்டு, வெற்றிப் பெருமூச்சு விட்டாள். அப்போது கதவைத் தட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தார். கழுத்தில் டை, கையில் பெட்டி.

"மன்னிக்கணும், பஸ் வழியில நின்னுபோச்சு. நான்தாங்க இன்னைக்கு உங்க நோயாளி. பேங்க் மேனேஜரா வரச் சொன்னாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் குடிக்கிறதே இல்லைங்கறதுதான் முதல் வசனம்," என்றார்.

ரேடியோ பிழிந்துகொண்டிருந்த முந்தானையை அப்படியே கீழே விட்டாள்.

"அப்ப அவர் யாரு?" என்றாள் நர்ஸ் அக்கா, வாசலில் நின்றபடி.

"குழாய்க்காரர்தான் போலிருக்கே! ஐயையோ, ஒரு குழாய்க்காரரைப் பிடிச்சு வார்டுல போட்டுட்டேனே!"

"ஸ்பேனர்கூட இல்லாமலா குழாய்க்காரர் வருவார்?"

"குழாய்க்காரங்க என்னைக்குங்க சாமானோட வந்திருக்காங்க?" என்றார் நடிகர், அனுபவப்பட்டவராக. "எங்க வீட்டுக்கு வந்தவர் ஏணியை என்னையே வாங்கிட்டு வரச் சொன்னார்."

"ஆனா கை அப்படி நடுங்குச்சே!"

"அரைத் தொட்டித் தண்ணியை அவர் மேல கொட்டினா நடுங்காதா அக்கா?" என்று ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய விடுவாங்கன்னு நினைச்சிருப்பார். யாரோ மச்சானைப் பத்தி மனசுவிட்டுச் சொன்ன பாவத்துக்கு! டாக்டரம்மா வர்றதுக்குள்ள அவரை அனுப்பிடணும். இல்லேன்னா டைப் மெஷின்கூட மிஞ்சாது."

மூன்றாம் கட்டிலில் அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அமைதியாக உட்கார்ந்திருந்தார். பையைத் தலைமாட்டில் வைத்திருந்தார்.

ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் ரேடியோவிடமிருந்து மடை திறந்தது. "மன்னிச்சிடுங்க, தப்பு முழுக்க என்னோடது, உங்களை நடிகர்னு நினைச்சுட்டேன், நீங்க பாட்டுக்கு வேலையைப் பார்க்க வந்தீங்க, உங்களைப் போய் நோயாளின்னு, சே, என்ன கேவலம், உங்களைப் பார்த்தா அப்படியா தெரியுது, சட்டை காயலை, பரவாயில்லை, இந்தத் துணியோடவே போங்க, அப்புறமா கொடுத்து அனுப்பலாம்."

"அப்ப நான் நோயாளி இல்லைங்களா?" என்றார் அவர்.

"சேச்சே! நீங்க தாராளமா போகலாம்."

அவர் கட்டிலை ஒரு தடவை பார்த்தார். "சரிங்க," என்று எழுந்தார்.

முற்றத்தைக் கடந்து கேட் வரை ரேடியோ அவர் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பை லேசாக, மெத்தென்று இருந்தது. வழியெல்லாம் பேச்சு. அவர் இரண்டு தடவை நின்று, "இல்லைங்க, வந்து…" என்று வாயெடுத்தார். இரண்டு தடவையும், "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், உங்க பெருந்தன்மை எனக்குப் புரியுது," என்று அடைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் வாயெடுக்கவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிக்கொண்டே வந்தது.

"அண்ணே, கேட்டைத் திறங்க," என்றாள் ரேடியோ. "இவர் குழாய் ரிப்பேருக்கு வந்தவர். நான் ஒரு மடச்சி, தெரியாம வார்டுல சேர்த்துட்டேன். படிவத்தையும் இதோ கிழிச்சுடறேன்."

கிழிக்கப் போகையில் கையெழுத்து கண்ணில் பட்டது. கோழி கிளறினது மாதிரி. ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது.

கேட் அண்ணன் சாவியை எடுக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, கேட்டுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டு, ஒரு வருஷத்துக்கான பேச்சை மொத்தமாகப் பேசினார்.

"குழாயைக் காலையில எட்டு மணிக்கே ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போயாச்சும்மா. இவர் பதினோரு நாளா இந்தப் பையோட அந்த மரத்தடி வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போறவர், உள்ள வர ஒரு சாக்கு கிடைக்கட்டுமேன்னு, 'குழாய் ரிப்பேருக்குத்தானே வந்திருக்கீங்க?'ன்னு இன்னைக்கு நான்தான் கேட்டேன்."