பீன்ஸ் செடிக்கு வலை போட்ட கதை

நேத்து ஞாயித்துக்கிழமை. மொட்டை மாடில பீன்ஸ் பறிக்கணும். அவ்ளோதாங்க வேலை.

நான் கடலுக்குப் போறவன். தொட்டில குத்துச்செடி பீன்ஸ் வச்சிருந்தேன். காயெல்லாம் ஒல்லியா, எம் மச்சான் காலு மாதிரியே இருக்கும்.

மச்சான்னா எம் பொண்டாட்டி பிலோமிக்கு அண்ணன். வேம்பார்ல இருக்காரு. செடி சின்னதா இருக்கப்ப பாத்துட்டு, "ஏலே மாப்ள, உனக்கு மீனே ஒழுங்கா மாட்டாது. இதுல காய்கறி வேறயா?"ன்னு ஒரே சிரிப்பு!

எனக்கு ரோசம் வந்துட்டு. "காய்ச்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச்சுல பூசை முடிஞ்சு சாப்பிட வாரும். எந்தோட்டத்து பீன்ஸ் பொரியல்தான் உமக்கு!"

பிலோமி விடுவாளா? "பொரியல் வரலன்னா தொட்டியெல்லாம் மாடிய விட்டு எறங்கணும். எனக்குக் கருவாடு காயப்போட எடம் இல்ல."

"சரிளா, பந்தயம்!"

செடி நல்லாத்தான் வந்துச்சு. ஆனா அணிலு, காக்கா தொல்லை தாங்கல. நம்ம வீட்ல வேற என்ன இருக்கு? பழைய வலைய எடுத்து மேல விரிச்சுட்டேன்.

செடி சும்மா இருக்குமா? வலைக்கண்ணு வழியா தலைய நீட்டி, அங்கனயே காய்ச்சுத் தொங்குது!

நேத்து பறிக்கப் போறப்ப பிலோமி கத்திரிக்கோல நீட்டுதா. "வலைய வெட்டி விட்டுட்டு ஒவ்வொண்ணா பறிங்க."

"ஏளா, கடல்காரன் வலைய வெட்டுவானா? வாயில நல்ல வார்த்தையே வராதா?"

காலை ஊனி வலைய இழுத்தேன். வரல. கனக்கு!

வலை கனத்தா நமக்கு ஒரு சந்தோசம் வரும் பாருங்க, அந்தப் பாழாப்போன புத்தி வந்துட்டு. அப்பதான் மச்சான் படியேறி வாராரு.

"மச்சான், ஒரு கை பிடியும்! நல்ல கனம்!"

அவரும் கடல்ல வள்ளத்துல நிக்க மாதிரியே பிடிச்சுட்டாரு. "ஏலே, இழு! விட்ராத!"

படார்னு வந்துச்சு!

காய், எல, வேரு, மண்ணு, மொத்தமும்! நான் மல்லாக்க. மச்சான் வலைக்குள்ள. அவரு மீசைல ஒரு பீன்ஸ்.

சத்தம் கேட்டு, சமைக்கக் கீழ போயிருந்த பிலோமி கரண்டியோட ஓடி வந்தா. "என்னங்க பட்டிருக்கு வலையில?"

"உங்க அண்ணன்."

வலையில கெடந்ததப் பொறுக்கி அவளே பொரியல் வச்சா. மச்சான் நறநறன்னு மண்ணோட மென்னுட்டு, "தேங்கா நெறைய போட்டிருக்கா தங்கச்சி"ங்காரு.

ஆக, பந்தயத்துல ஜெயிச்சது நாந்தான். தொட்டியெல்லாம் மாடிலயேதான் இருக்கு.

அதுக்கு மேல பலகை போட்டு பிலோமியோட சாளைக் கருவாடு காயுது.